டெத் மெட்டல் குழுவில் கிட்டார் வாசிக்கச் சேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக டெத் மெட்டல் (உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட மெட்டல் இசை) குழுக்களில் கிட்டார் வாசித்து வருகிறேன். ஆடிஷன் கொடுத்துச் சேர்ந்திருக்கிறேன், கொடுத்தும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன், பிறகு புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். சேர விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. பவர் கார்டு (இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அடிக்கும் எளிய கார்டு), பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் வைத்து ஒலியை அடக்கி அடிப்பது) எல்லாம் ஓரளவு பழகி, வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

குழுவில் இருப்பவர்கள் முதலில் எதைக் கவனிப்பார்கள்?

பிக் (தந்தியை அடிக்கும் சின்னத் தகடு) பிடிக்கும் கையை. இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன், கடைசியிலும் சொல்கிறேன்.

டெத் மெட்டலில் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே உடம்பு மாதிரி. டிரம்மர் இரட்டை பேஸ் டிரம்மை மிதிக்கும் அதே கணத்தில் உங்கள் பாம் மியூட் விழ வேண்டும். அப்படி விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே அடியாக நெஞ்சில் இறங்கும். மயிரிழை தள்ளி விழுந்தாலும் போச்சு, கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி) குழைந்துபோனது தெரியும். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அதை மறைக்காது. உண்மையில் டிஸ்டார்ஷன் சின்னச் சின்ன உரசலையும் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

ஒருமுறை ஒரே நாளில் இரண்டு பேரை வாசிக்க வைத்துப் பார்த்தோம். முதலாமவர் ஸ்வீப் பிக்கிங் (ஒரே வீச்சில் பல தந்திகளைக் கடந்து வாசிப்பது) எல்லாம் தண்ணீர் மாதிரி வாசித்தார், எங்களுக்கு வாய் பிளந்துவிட்டது. ஆனால் மெதுவான ஒரு பகுதி வந்ததும், டிரம்மருக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார். இரண்டாமவருக்குச் சோலோ அவ்வளவாக வராது. ஆனால் நான்கு பேரும் சேர்ந்து நிறுத்த வேண்டிய இடத்தில் அவருடைய கிட்டார் கத்தியால் அறுத்தது மாதிரி நின்றது. யாரைச் சேர்த்துக்கொள்வது என்று நாங்கள் பேசவே வேண்டியிருக்கவில்லை.

நிறுத்துவதையும் வாசிப்பாக நினைத்துப் பழகுங்கள். ரிஃப்புக்கு நடுவில் வரும் அரைத் தட்டு மௌனத்தில் இரண்டு கைகளும் தந்திகளின் மேல் படுத்திருக்க வேண்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை, குழுவில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு வேகமாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். தட்டு எண்ணித் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 180 என்று வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு முறை தந்தியை அடித்தால், வினாடிக்கு 12 அடி. 200 என்றால் 13-க்குச் சற்று மேல். பெரும்பாலான குழுக்களின் ட்ரெமலோ ரிஃப்புகளுக்கு (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக அடிப்பவை) இது போதும். இதைவிட வேகமாக வாசிக்கும் குழுக்களும் உண்டு, அவர்களிடம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஐந்து வினாடிக்கு 200-ஐத் தொடுவது வேறு, நான்கு நிமிடப் பாட்டை அதே வேகத்தில் முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது வேறு. மேடையில் அரை மணி நேரம் வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் உச்ச வேகத்தைவிடத் தாங்கும் வேகத்தை அளந்து பாருங்கள். ஒரே தந்தியில், ஒரே ஸ்வரத்தில், முன்கை இறுகாமல் ஒரு நிமிடம் முழுக்க எந்த வேகத்தில் வாசிக்க முடிகிறது? அதுதான் இன்றைக்கு உங்கள் வேகம். அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று எண் ஏற்றினால் போதும். முன்கை இறுகினால் நிறுத்திவிட்டுக் குறையுங்கள். இறுக்கத்தோடு பழகினால் கை இறுக்கத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

பிக்கின் நுனி மட்டும் தந்தியைத் தொட்டால் போதும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத கனமான பிக் நல்லது, மெல்லிய பிக் வளைந்து திரும்புவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும்.

அப்புறம், மெதுவான பகுதிகள். நிமிடத்துக்கு 70 தட்டில் ஒரு கனமான ரிஃப்பை நான்கு பேரும் சேர்ந்து இழுத்து வாசிப்பது, என் அனுபவத்தில், வேகமான எதையும்விடக் கடினம். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் தவறு செய்ய அவ்வளவு இடம் இருக்கிறது. மெட்ரோனோமை 60, 70-லும் வைத்துப் பழகுங்கள்.

சோலோ வாசிக்கத் தெரியாது. சேர முடியுமா?

முடியும். ரிதம் உறுதியாக இருந்தால் சோலோவை மற்றவர் எடுத்துக்கொள்வார். சோலோவே இல்லாமல் வாசிக்கும் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் தெரியாது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்தக் குழுக்களைக் கேட்டுப் பழக வேண்டும்?

இதற்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் “டெத் மெட்டல் குழுவுக்குக் கிட்டார் தேவை” என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு இசைகள் இருக்கலாம்.

தொடக்கம் என்று பார்த்தால் கலிஃபோர்னியாவின் பொசெஸ்ட் 1985-ல் வெளியிட்ட முதல் ஆல்பமும், ஃப்ளோரிடாவின் டெத் 1987-ல் வெளியிட்ட முதல் ஆல்பமும். அதற்கு முந்தைய வேகமான மெட்டல் வகையான த்ராஷ் மெட்டலிலிருந்து இந்த இசை எப்படிப் பிரிந்து வந்தது என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்து கேட்டாலே காதில் விழும். பிறகு ஃப்ளோரிடாவின் டாம்பா நகரம். மோரிசவுண்ட் ஸ்டுடியோவும் அங்கே வேலை செய்த ஸ்காட் பர்ன்ஸும் பதிவு செய்த ஆல்பங்கள் ஒரு காலத்தையே வடிவமைத்தன. ஒபிச்சுவரி, டியிசைட், மார்பிட் ஏஞ்சல் எல்லாம் அந்தப் பக்கத்துக் குழுக்கள்தான். மார்பிட் ஏஞ்சலின் ட்ரே அசக்தோத் வாசிப்பதைக் கவனியுங்கள், ரிஃப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே சில நேரம் பிடிபடாது, ஆனால் டிரம்மோடு பிசகாது.

அதே காலத்தில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வேறு ஒரு சத்தம் பிறந்தது. சன்லைட் ஸ்டுடியோவில் தொமாஸ் ஸ்கொக்ஸ்பெரி பதிவு செய்த என்டோம்ட், டிஸ்மெம்பர் குழுக்களின் முதல் ஆல்பங்கள் 1990, 1991-ல் வந்தன. மர அறுக்கும் இயந்திரம் மாதிரி கரகரக்கும் கிட்டார், அதற்கு அடியில் பங்க் ராக்கின் துள்ளல். அதே நாட்டின் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து வந்த அட் த கேட்ஸ் போன்றவை மெலடியை உள்ளே கொண்டுவந்தன. நியூயார்க்கின் சஃபகேஷன், இம்மொலேஷன் வேறு திசை, கால அளவுகள் உடைந்து உடைந்து திரும்பும். இங்கிலாந்தின் போல்ட் த்ரோயரோ டாங்கி நகர்வது மாதிரி ஒரே கனத்தில் உருளும்.

கையைப் பழக்கும் விதம் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு. ஸ்டாக்ஹோம் பாணிக் குழுவில் சஃபகேஷன் மாதிரி துல்லியமாகக் கத்தரித்து வாசித்தால் இசை உயிரிழந்துவிடும். ஸ்டாக்ஹோம் பாணிக் கையோடு சஃபகேஷன் மாதிரிக் குழுவுக்குப் போனால் உங்கள் கை சேறாகக் கேட்கும். எனவே குழுவோடு பேசும்போது “உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்கள் எவை?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் அவர்கள் எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட முழுதும் தெரிந்துவிடும்.

ஏழு தந்தி கிட்டார் வாங்க வேண்டுமா? எந்த சுருதியில் வைத்துக்கொள்வது?

குழு எந்த சுருதியில் வாசிக்கிறதோ அதில். சேர்வதற்கு முன்பே ஏழு தந்தி வாங்கிவைக்க வேண்டாம்.

டெத் குழுவின் சக் ஷுல்டினர் ஆறு தந்தி கிட்டாரை ஒரு முழு ஸ்வரம் இறக்கி, டி ஸ்டாண்டர்டில் வாசித்தார். கார்கஸ் குழு அதே ஆறு தந்தியில் பி வரை இறங்கியது. மார்பிட் ஏஞ்சல் 1993-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஏழு தந்தியும் வந்துவிட்டது. ஆக, ஆறு தந்தியிலேயே இந்த இசையின் பெரும்பகுதியை வாசித்துவிடலாம்.

ஆனால் சுருதியை இறக்கினால் தந்தியையும் மாற்றியாக வேண்டும். ஈ-யில் இருக்கும் ஆறாவது தந்தி வினாடிக்கு சுமார் 82 முறை அதிரும், பி-க்கு இறக்கினால் சுமார் 62. வழக்கமான 10-46 செட்டை (மிக மெல்லிய தந்தி, மிகத் தடித்த தந்தி இவற்றின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அவ்வளவு தூரம் இறக்கினால் தந்தி தொளதொளவென்று ஆகிவிடும். தளர்ந்த தந்தியைப் பலமாக அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகு இறங்கும், ஒவ்வொரு பாம் மியூட்டும் அபசுரமாக ஒலிக்கும். டி-க்கு 10-52 அல்லது 11-54, பி-க்கு 12-60 அளவில் ஏதாவது ஒன்று என்று தொடங்கிப் பாருங்கள். கனமான தந்தி உட்கார நட்டின் (கழுத்தின் தலைப்பில் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கலாம், ட்ரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி ஒத்திருப்பது) திரும்பச் சரிசெய்ய வேண்டும். கையில் பழக்கம் இல்லையென்றால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். பழைய மலிவான கிட்டார் கூட ஒழுங்காகச் செட் செய்தால் நன்றாக நிற்கும். விலையுயர்ந்த கிட்டாரைச் செட் செய்யாமல் கொண்டுவந்து பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்ப், பெடல் எல்லாம் எப்படி வைத்துக்கொள்வது?

வீட்டில் நன்றாகக் கேட்கும் செட்டிங் குழுவில் காணாமல் போய்விடும். இது எல்லோருக்கும் நடக்கிறது, எனக்கும் நடந்தது. தனியாக வாசிக்கும்போது பேஸையும் (அடிச் சத்தம்) ட்ரெபிளையும் (மேல் சத்தம்) ஏற்றி, மிட்ஸை (நடுச் சத்தம்) அடியோடு குறைத்தால் பிரமாதமாக இருக்கும். ஒத்திகை அறையில் அந்த அடிச் சத்தத்தை பேஸ் கிட்டாரும் பேஸ் டிரம்மும் எடுத்துக்கொள்ளும், மேல் சத்தத்தைச் சிம்பல்கள் மூடிவிடும். நடுவில் உங்களுக்கென்று எதுவும் மிச்சமிருக்காது. மிட்ஸை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், குழுவோடு கேட்டால் சரியாக உட்காரும்.

டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினையும் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். கெயின் கூடினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வேகமான ரிஃப்பில் பிக்கின் அடி கேட்காது. பலர் செய்வது இதுதான்: டிஸ்டார்ஷன் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடலை வைத்து, அதில் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலை உயரத்திலும் வைப்பது. அது தேவையில்லாத அடிச் சத்தத்தை வெட்டி, பிக்கின் அடியைக் கூர்மையாக்கிக் கொடுக்கும். நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்து இரைச்சலை அடைக்கும் கருவி) கட்டாயம் வேண்டும், ஆனால் அது ஸ்வரத்தின் வாலையே வெட்டும் அளவுக்கு இறுக்கக் கூடாது. நிறுத்துவது கையின் வேலை, மிச்சச் சத்தம்தான் கேட்டின் வேலை.

ஸ்டாக்ஹோம் சத்தம் வேண்டுமென்றால் வழி வேறு. பாஸ் நிறுவனம் 1983 முதல் 1991 வரை தயாரித்த எச்எம்-2 பெடலில் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருப்பி வைப்பதுதான் அந்தச் சத்தம். இன்று அதே மாதிரி பல பெடல்கள் கிடைக்கின்றன.

ஆம்ப் இல்லாமல் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) வைத்திருந்தால்? தாராளமாகக் கொண்டு போகலாம். ஒத்திகை அறையில் டிரம்ஸுக்கு மேல் கேட்கும் அளவுக்கு அதை எதன் வழியாக ஒலிக்கவிடப் போகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இசைக் கோட்பாடு தெரிய வேண்டுமா?

எழுதிப் படிக்கும் அளவுக்கு வேண்டாம். பேசிக்கொள்ளும் அளவுக்கு வேண்டும். “இந்த ரிஃப் ஏழு தட்டு, நான்கு முறை, கடைசி முறை ஆறாகக் குறையும்” என்று டிரம்மர் சொன்னால் உடனே புரிய வேண்டும். எண்ணத் தெரிவதுதான் இங்கே பெரிய கோட்பாடு. அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகரும் குரோமாடிக் நகர்வு, ஆறு அரை ஸ்வர இடைவெளியான ட்ரைடோன், ஃப்ரிஜியன், ஹார்மோனிக் மைனர் ஸ்கேல்கள், டிமினிஷ்ட் கார்டு இவற்றின் ஒலி காதில் பதிந்திருந்தால் மற்றவர் வாசிப்பதைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

குழுவை எங்கே தேடுவது?

இசை நிகழ்ச்சிகளில். இணையத்தில் விளம்பரம் பார்த்து எழுதுவதும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலான குழுக்கள் தெரிந்த முகத்தைத்தான் முதலில் கூப்பிடும். சிறிய நிகழ்ச்சிகளுக்குப் போங்கள், முதல் குழு வாசிப்பதிலிருந்து இருங்கள், முடிந்ததும் வாசித்தவர்களிடம் பேசுங்கள், ஸ்பீக்கர் கேபினெட் தூக்க ஒரு கை கொடுங்கள்.

பெரிய குழுக்களிலும் இதே கதைதான். கானிபல் கார்ப்ஸுக்கு 2019-ல் மேடையில் வாசிக்க ஒரு கிட்டார் கலைஞர் தேவைப்பட்டபோது வந்தவர் எரிக் ருட்டன், 2021-ல் முழு உறுப்பினரானார். அவர் மார்பிட் ஏஞ்சலில் வாசித்தவர், ஹேட் எடர்னல் குழுவை நடத்துபவர். அதற்கெல்லாம் மேல், 2006-லிருந்து கானிபல் கார்ப்ஸின் பல ஆல்பங்களை அவரே தயாரித்திருந்தார். அவருடைய காதையும் பழக்கத்தையும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்தார்கள்.

குழுவுக்கு எழுதும்போது உங்கள் வாசிப்பின் காணொளி ஒன்றை அனுப்புங்கள். ஒரே ஷாட், வெட்டு ஒட்டு இல்லாமல், இரண்டு கைகளும் தெரிய வேண்டும். அவர்களுடைய பாட்டையே வாசித்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

ஆடிஷனுக்கு மூன்று பாட்டு கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

முதலில் டேப்லேச்சர் (எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதியது) இருக்கிறதா என்று கேளுங்கள். பல குழுக்கள் கிட்டார் ப்ரோ என்ற மென்பொருளின் கோப்பாக எழுதி வைத்திருக்கும். இல்லையென்றால் காதால் பிடிக்க வேண்டும். இந்த இசையைக் காதால் பிடிப்பது கஷ்டம்தான்: சுருதி தாழ்வு, டிஸ்டார்ஷன், இரண்டு கிட்டாரும் ஒன்றன்மேல் ஒன்று. பாட்டை முக்கால் வேகத்துக்கு மெதுவாக்கிக் கேளுங்கள். இடது ஸ்பீக்கரை மட்டும், பிறகு வலது ஸ்பீக்கரை மட்டும் கேளுங்கள், கிட்டார்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். மேடையில் அந்தக் குழு வாசித்த காணொளி இருந்தால் இடது கை எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஸ்வரத்தை இரண்டு இடத்தில் வாசிக்கலாம், தவறான இடத்தில் கற்றுக்கொண்டால் அடுத்த ரிஃப்புக்குத் தாவ முடியாமல் தவிப்பீர்கள்.

ரிஃப்புகளைக் கற்ற பிறகு வரைபடத்தைக் கற்க வேண்டும். எந்த ரிஃப் எத்தனை முறை, எதற்குப் பிறகு எது. டெத் மெட்டல் பாட்டுகளில் பல்லவி திரும்பி வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, ஒரு பாட்டில் பத்து பன்னிரண்டு ரிஃப் இருக்கும், ஒன்று மூன்று முறை வரும், மறுமுறை ஐந்து. நான் ஒரு தாளில் அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டு எழுதிக்கொண்டு, கிட்டார் இல்லாமல் பாட்டை ஓடவிட்டு விரலால் அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டே போவேன். வாசிக்காமலேயே பாட்டு முழுதும் மனதில் ஓட வேண்டும். ஆடிஷனில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது ரிஃப்பில் கிடையாது, ஒரு ரிஃப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்த இடத்தில்.

கடைசி மூன்று நாள் நின்றுகொண்டு வாசியுங்கள். உட்கார்ந்து பழகிய கைக்கு, நின்றதும் மணிக்கட்டின் கோணமே மாறிவிடும். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஆடிஷன் அன்று?

ட்யூனர், இரண்டு கேபிள், ஒரு செட் தந்தி, நாலைந்து பிக், காது அடைப்பான். நேரத்துக்குப் போங்கள். மற்றவர் பேசும்போது கிட்டாரைக் கொறித்துக்கொண்டிருக்காதீர்கள், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஒத்திகை அறையில் இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

தவறு வந்தால் நிறுத்தாமல் டிரம்மரைப் பார்த்து அடுத்த ரிஃப்பில் ஏறிக்கொள்ளுங்கள். தவறு எல்லோருக்கும் வரும், திரும்பி வருவது எப்படி என்றுதான் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்கும்போது உங்கள் கண் ஃப்ரெட்போர்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கவனிக்கப்படும்.

நீங்களும் அவர்களைக் கவனியுங்கள். வாரத்துக்கு எத்தனை ஒத்திகை, பாட்டை யார் எழுதுகிறார்கள், முந்தைய கிட்டார் கலைஞர் ஏன் போனார்? இந்த மூன்றுக்கும் நேரடியான பதில் கிடைக்காத குழுவில் ஒருமுறை சேர்ந்தேன். எட்டு மாதத்தில் வெளியே வந்தேன். முதல் நாளே அந்தத் தயக்கம் என் காதில் விழுந்தது, சேரும் ஆசையில் அதை ஒதுக்கிவிட்டேன்.

என்னை எடுத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

காரணம் கேளுங்கள், ஒரே ஒரு முறை, மரியாதையாக. சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அடுத்த நிகழ்ச்சிக்கும் போங்கள். எனக்கு இல்லையென்று சொன்ன ஒரு குழு இரண்டு ஆண்டு கழித்து, அவர்கள் கிட்டார் கலைஞருக்குக் கையில் அடிபட்டபோது, அவசரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டது.

இன்னொருவர் போன இடத்தில் சேர்கிறேன். அவர் வாசித்த மாதிரியே வாசிக்க வேண்டுமா?

ரிஃப்புகளை அப்படியே வாசியுங்கள். பாட்டின் எலும்பு அது. சோலோவில் என்ன செய்யலாம் என்று குழுவிடம் கேளுங்கள். சிலர் பழைய சோலோவின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு நடுவில் தன்னுடையதை வாசிப்பார்கள், ரசிகர்களுக்கும் அது பிடிக்கும்.

ஆள் மாறுவது இந்த இசைக்குப் புதிதில்லை. ஜேம்ஸ் மர்ஃபி 1990-ல் டெத் குழுவின் ஆல்பத்தில் வாசித்தார், அதே ஆண்டு ஒபிச்சுவரியின் ஆல்பத்திலும் வாசித்தார். இரண்டிலும் அவருடைய சோலோ தனியாக அடையாளம் தெரியும், ஆனால் குழு மாறிப்போனதாகத் தெரியாது. அடுத்த ஆண்டே டெத் குழுவில் பால் மாஸ்விடல் வந்தார், கூடவே டிரம்மர் ஷான் ரெய்னெர்ட்டும். இசையே வேறு பக்கம் திரும்பிவிட்டது. முதலில் குழுவின் மொழியைப் பேசிக் காட்டுங்கள், பிறகு உங்கள் சொற்களைக் கொண்டுவரலாம்.

மற்ற கிட்டார் கலைஞரோடு எப்படி ஒத்துப்போவது?

இருவர் மட்டும் தனியாக உட்காருங்கள். ஆம்ப் வேண்டாம், டிஸ்டார்ஷன் வேண்டாம். ஒவ்வொரு ரிஃப்பிலும் அவர் எந்த அடியைக் கீழ்நோக்கி அடிக்கிறார், எதை மேல்நோக்கி அடிக்கிறார் என்று பாருங்கள். நீங்களும் அப்படியே அடியுங்கள். கீழ்நோக்கிய அடியும் மேல்நோக்கிய அடியும் ஒலியில் வேறு, இரண்டு கிட்டாரும் எதிரெதிராக அடித்தால் என்னதான் நேரம் சரியாக இருந்தாலும் விளிம்பு மழுங்கும். நாங்கள் ஒரு முழு மாலையை ஒரே பாட்டுக்கு இப்படிச் செலவழித்தோம். மறுநாள் ஒத்திகையில் டிரம்மர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

என் சொந்த ரிஃப்புகளை எப்போது கொண்டுவரலாம்?

அவசரப்பட வேண்டாம், ஆனால் பதிவு செய்து சேர்த்துக்கொண்டே இருங்கள். கேட்டதும் கொடுக்கும்படி நாலைந்து தயாராக இருக்கட்டும். அவர்கள் அதை உடைத்து, பாதியை எடுத்து, வேகத்தை மாற்றினால் தடுக்காதீர்கள். டிரம்மர் கைபட்டதும் நீங்கள் எழுதியதைவிட அது நல்லதாக மாறுவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

பாடல் வரிகள் என்னை உறுத்துகின்றன. சேரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மரணம், சிதைவு, போர், மதத்தின் மீதான கோபம் எல்லாம் இந்த இசையில் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. பலருக்கு அது பயங்கரக் கதை சொல்வது போல, அச்சத்தை நேருக்கு நேர் பார்க்கும் வழி. வாழ்க்கை, வஞ்சகம், மனிதனின் மனம் என்று எழுதியவர்களும் உண்டு, சக் ஷுல்டினரின் பிற்கால வரிகள் முழுக்க அப்படித்தான்.

ஆனால் மேடையில் நிற்கும்போது அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நீங்களும் நிற்கிறீர்கள். குரோலில் (உறுமும் குரல்) யாருக்கும் புரியாது என்று விட்டுவிடாதீர்கள், வரிகளை வாங்கிப் படியுங்கள். பெண்களை வதைப்பதையே திரும்பத் திரும்பப் பாடும் ஒரு குழுவின் அழைப்பை நான் மறுத்தேன். இசை அருமையாக இருந்தது. இன்றும் அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் எல்லை எதுவென்று சேர்வதற்கு முன் முடிவு செய்து, அதைச் சொல்லியும் விடுங்கள்.

பணம் வருமா?

பெரும்பாலும் போகும். ஒத்திகை அறை வாடகை, தந்தி, பயணம், பதிவுச் செலவு. யார் எவ்வளவு போடுவது, டி-ஷர்ட் விற்ற பணம் எங்கே போகும், பாட்டு எழுதியவர் பெயராக யார் பெயர் பதிவாகும், குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதி வையுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று தயங்குவார்கள். பேசாமல் விட்டுத்தான் நட்பு கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

காதுக்கும் கைக்கும் ஏதாவது ஆகுமா?

கவனிக்காவிட்டால் ஆகும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்ப்பும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். காதில் ஒருமுறை நிலைத்துவிட்ட ரீங்காரம் பலருக்குப் போவதே இல்லை. இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காது அடைப்பான் எல்லா அலைவரிசையையும் ஓரளவு சமமாகக் குறைக்கும், அதனால் ரிஃப் தெளிவாகவே கேட்கும். முதல் ஒத்திகையிலிருந்தே போடுங்கள்.

மணிக்கட்டில் வலி, விரல்களில் மரத்துப்போதல் வந்தால் வாசிப்பதை நிறுத்துங்கள். சில நாளில் போகவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். தாங்கிக்கொண்டு வாசிப்பது வீரம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஸ்டுடியோவில் பதிவு செய்வது எப்படி இருக்கும்?

ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பார்கள். சிலர் நான்கு முறை வாசிப்பார்கள். முதலில் வாசித்ததோடு இரண்டாவது ஒட்ட வேண்டும், அங்கேதான் கையின் உண்மை வெளிப்படும். போவதற்கு முன் வீட்டில் கிளிக் டிராக்கோடு (மெட்ரோனோம் தட்டின் பதிவு) உங்கள் பகுதிகளை இரண்டு முறை பதிவு செய்து சேர்த்துக் கேட்டுப் பழகுங்கள். புதுத் தந்தி போட்டுக்கொண்டு போங்கள், சில ரிஃப்புக்கு ஒருமுறை சுருதி பாருங்கள்.

முதல் மேடைக்கு?

அங்கே உங்களுக்கு எதுவும் சரியாகக் கேட்காது. மானிட்டரில் (மேடையில் உங்களுக்கென்று வைக்கும் ஸ்பீக்கர்) பேஸ் டிரம்மும் உங்கள் கிட்டாரும் மட்டும் கேளுங்கள், மற்றதெல்லாம் வந்தால் லாபம். கடைசி மூன்று ஒத்திகையில் பாட்டுகளை நிறுத்தாமல், மேடை வரிசைப்படியே, இடைவெளி உட்பட வாசித்துப் பாருங்கள். பதற்றத்தில் டிரம்மர் வேகமாகத் தொடங்கினால் அவரோடு போங்கள். அவரை இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் இருவரும் விழுவீர்கள்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தாமதமா?

இல்லை. வேலைக்குப் போகும், குடும்பம் இருக்கும் ஆட்கள்தான் பல குழுக்களில் இருக்கிறார்கள். வாரத்தில் எந்த நாள் உங்களால் தவறாமல் வர முடியும் என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் வாருங்கள்.

விலக வேண்டிய நிலை வந்தால்?

ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டு விலகுங்கள். உங்கள் பகுதிகளை டேப்லேச்சராக எழுதிக் கொடுங்கள், அடி எந்தப் பக்கம் என்பதையும் குறித்து. முடிந்தால் அடுத்து வருபவரோடு ஒரு மாலை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நான் இப்போது வாசிக்கும் குழுவில் எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார். மூன்று மணி நேரம், ஆம்ப் இல்லாமல், பதினோரு பாட்டு. கிளம்பும்போது தன் பிக் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, நான்காவது பாட்டின் நடுவில் வரும் நிறுத்தத்தை மட்டும் இன்னொருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார்.